புது வீட்டுக்கு மேசன் தேடுகிறீர்களா?

வீடு கட்டுவது என்று முடிவானதும் நம் குடும்பங்களில் எழும் முதற் கேள்வி, "சதுர அடிக்கு என்ன கேட்கிறார்?" என்பதுதான். இரண்டு மூன்று மேசன்மாரிடம் விலை கேட்டு, குறைத்துச் சொன்னவரைக் கூப்பிடுவதோடு தேர்வு முடிந்துவிடுகிறது. ஒரு சாரி வாங்குவதற்கு நான்கு கடை ஏறி, துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் நம் சகோதரிகள், ஆயுளுக்கும் குடியிருக்கப் போகும் சுவரைக் கட்டுகிறவருடைய பழைய வேலையை ஒரு தடவைகூடப் போய்ப் பார்ப்பதில்லை.

இந்த விடயம் முல்லைத்தீவு மாவட்டத்தில் நம்மவருக்கு ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதைச் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கும் அதிகமானோர் வீடு வாசலை விட்டுப் போனார்கள். நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், தண்ணீரூற்று மக்களும் அவர்களில் அடங்குவர். பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் தங்கி, 2009இல் யுத்தம் முடிந்த பிறகு சிறிது சிறிதாகத் திரும்பினார்கள். இருபது வருடத்தில் பழைய வீடுகள் இடிந்து, வளவுகள் காடாகிவிட்டன. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வாப்பாவின் காணி எது என்பது தெரியும். அந்தக் காணியில் மாரி காலத்தில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்பது தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரியாததை மேசனாவது தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

அந்த வருடங்களில் வடக்கிலும் கிழக்கிலும் நடந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் இதற்கு ஒரு நல்ல பாடம் உண்டு. முதலில் முன்னோடியாக 1,000 வீடுகளைக் கொந்தராத்து நிறுவனங்களே கட்டிக் கொடுத்தன. 2012 ஒக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. அது வேலையின் கட்டத்துக்குக் கட்டம் தவணையாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே போடப்பட்டது. மேசனைத் தேடுவது, சீமெந்து வாங்குவது, கூலி பேசுவது எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. கணவர் இல்லாத வீடுகளில் அத்தனையும் பெண்ணின் தலையில் விழுந்தது. 2016இல் 65,000 இரும்பு வீடுகளை ஒரு வெளிநாட்டு நிறுவனத்தைக் கொண்டு, வீடொன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாவுக்குக் கட்டும் யோசனை வந்தபோது, பொறியியலாளர்களும் வடக்கின் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். நம் வெயிலுக்கு இரும்பு பொருந்தாது, அதைவிடக் குறைந்த செலவில் கல்வீடு கட்டலாம், உள்ளூர் மேசனுக்கும் பிழைப்பு கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதம் என்பதே என் கருத்து.

ஆனால் பொறுப்பு நம் கைக்கு வந்ததும் வேறொரு சிக்கல் வந்தது. 550 சதுர அடிக்குக் கிடைத்த பணத்தில் பலர் அதைவிடப் பெரிய வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்கள். சுவர் எழும்ப முன்பே பணம் முடிந்தது. நகை அடகுக்குப் போனது, கடன் ஏறியது. நல்ல மேசனின் முதல் அடையாளம் இங்கேதான் தெரியும். கையில் உள்ள தொகையைக் கேட்டுவிட்டு, "இந்தப் பணத்துக்கு இவ்வளவுதான் கட்டலாம், மற்ற அறையைப் பிறகு பார்ப்போம்" என்று முகத்துக்கு நேரே சொல்பவரை விட்டுவிடாதீர்கள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுபவரிடம்தான் கவனம் வேண்டும்.

கூலிக்கு ஆள் அமர்த்தும் விடயத்தில் குர்ஆன் காட்டும் அளவுகோல் ஒரு பெண்ணின் வாயிலிருந்தே வந்தது என்பதைச் சகோதரிகள் கவனிக்க வேண்டும். மத்யன் நகரில் அந்தப் பெரியவரின் மகள், மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தகப்பனாரிடம் சொன்னபோது இரண்டு தகுதிகளைக் கூறினார்: வலிமை, நம்பிக்கை. (ஸூரத்துல் கஸஸ், 26ஆம் வசனம்.) வலிமை என்றால் தொழிலில் திறமையும் அடங்கும். அவர் இதை யாரோ சொல்லக் கேட்டுச் சொல்லவில்லை. தங்கள் ஆடுகளுக்கு அவர் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததைக் கண்ணால் கண்ட பிறகே சொன்னார். மதீனாவில் பள்ளிவாசல் கட்டப்பட்ட காலத்தில், யமாமாவிலிருந்து வந்த தல்க் இப்னு அலீ (ரழி) அவர்களுக்குக் களிமண் குழைக்கும் வேலை நன்றாகத் தெரியும் என்று கண்டு, அந்த வேலையை அவரிடமே விடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகவும் அறிவிப்பு உண்டு. அவரோ தூரத்து ஊர்க்காரர், புதிதாக வந்தவர். சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் மேசனைப் பிடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மாமியின் மகன் கட்டிய சுவர் கோணினால் "இடித்துக் கட்டு" என்று எந்த மருமகளால் சொல்ல முடியும்? முள்ளியவளைத் தமிழ்ச் சகோதரர் ஒருவர் அந்த மண்ணையும் அந்த மழையையும் அறிந்தவரானால், அவரே நம் வீட்டுக்குத் தகுந்தவர்.

ஆகவே, விலை பேச முன் அவர் கட்டிய இரண்டு வீடுகளைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். நேற்று முடித்த வீடு வேண்டாம். புதுப் பெயின்ற் எல்லாவற்றையும் மறைக்கும். இரண்டு மாரி கண்ட வீடாக இருக்க வேண்டும். யன்னல் மூலைகளிலிருந்து சரிவாக வெடிப்பு ஓடுகிறதா, சுவரின் அடியில் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறதா, கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒழுக்கின் கறை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குசினிக்குள் போய், அந்த வீட்டுப் பெண்ணிடம் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள். சொன்ன தொகைக்கு முடித்தாரா? வேலையை அரைவாசியில் விட்டு வேறு வீட்டுக்குப் போனாரா? ஆண்கள் முற்றத்தில் ஒரு மணி நேரம் பேசி அறியாததை நீங்கள் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் நேரத்தில் அறிந்துவிடுவீர்கள்.

அவரை உங்கள் வளவுக்குக் கூட்டி வந்ததும், அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். நவம்பர் மழைக்கு வெள்ளம் எங்கே நிற்கும், கிணற்றுத் தண்ணீர் உவரா, கறையான் உண்டா என்று விசாரிப்பவர் வேலை தெரிந்தவர். கடற்கரைப் பக்கத்து உவர் நீரிலோ கழுவாத கடல் மணலிலோ கொங்கிறீற் போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து, சில வருடங்களில் வெடித்துக்கொண்டு வெளியே வரும். கூரையைச் சுவரோடு எப்படிப் பிணைப்பார் என்பதையும் கேளுங்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையில்தான் ஏறியது.

வேலை நடக்கும்போது பார்த்துக்கொள்ளப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை, ஒரு அளவு நாடா போதும். அறையின் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தால் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையேல் அறை கோணல். 16 அங்குலத்துக்கு 8 அங்குலம் உள்ள சீமெந்துக் கல்லில், 10 அடி நீளம் 9 அடி உயரச் சுவருக்குச் சுமார் 100 கல் போகும். 160 கல் கேட்டால் காரணம் கேளுங்கள். ஒரு கல்லை இடுப்பளவு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டுப் பாருங்கள். தூளாக உடைந்தால் அந்த லொறியைத் திருப்பி அனுப்புங்கள். மாலையில் மிஞ்சி இறுகிய கலவைக்கு மறுநாள் தண்ணீர் ஊற்றிக் கிளறுவதை அனுமதிக்கவே கூடாது. கட்டிய சுவரை ஏழு நாள் நனைப்பது அநேகமாக உங்கள் வேலையாகத்தான் வரும். கோடை முற்றிக் கிணறு வற்ற முன் சுவர் முடியும்படி, பெப்ரவரியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. கணவர் வெளிநாட்டில் இருந்தால், மேசன் வரும் நேரத்தில் உம்மாவையோ அயல்வீட்டு மூத்த பெண் ஒருவரையோ கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். கேள்வி கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பணத்தைப் பற்றி. சாமான் நம்முடையது, கூலி மட்டும் அவருடையது என்று பேசுவதே சிறிய வீட்டுக்குப் பாதுகாப்பு. நாட்கூலி என்றால் நேரமும், கொந்தராத்து என்றால் வேலையும் தெளிவாக இருக்க வேண்டும். என்ன வேலை, எவ்வளவு கூலி என்று தெரியாத உடன்படிக்கையை நம் ஃபிக்ஹு நூல்கள் ஏற்பதில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். அப்படியிருக்க, "நமக்குள் என்ன எழுத்து" என்று கூச்சப்படுவது பொருத்தமல்ல. ஒரு கொப்பித் தாள் போதும். அத்திவாரம், லின்டல் மட்டம், கூரை, பூச்சு என்று கட்டங்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்த பிறகு இவ்வளவு என்று எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, சாட்சிகளும் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னால் பணம் ஓடக் கூடாது. வேலை முடிந்த அன்று கூலியை இழுத்தடிக்கவும் கூடாது. தொழிலாளியின் வியர்வை உலர முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

கடைசித் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒரு மாரி கழியும் வரை வைத்திருக்கலாமா என்று கேட்பார்கள். ஆரம்பத்திலேயே பேசி, அவர் சம்மதித்து, அந்தத் தாளில் எழுதியிருந்தால் வைத்திருக்கலாம். பேசாமல் வேலை முடிந்த பிறகு பிடித்து வைத்தால் அது அவருடைய உழைப்பைப் பறிப்பதாகும். எழுதியிருந்தால், ஜனவரியில் மழை விட்டதும் நீங்களே ஆள் அனுப்பி அவரைக் கூப்பிடுங்கள். ஒழுகிய இடத்தை அடைத்துவிட்டு, அன்றைக்கே மீதியை எண்ணி வாங்கிக்கொண்டு போகட்டும்.