‘தாமெலோ’வைப் பிரிச்சுப் படிப்போம்

ஸ்பானிஷ் சீரிஸ் பார்க்கிறவங்களுக்கு ‘தாமெலோ’ங்கிற சத்தம் பழகியிருக்கும். டிக்‌ஷனரியில தேடினா பெரும்பாலும் கிடைக்காது. ஏன்னா அது மூணு சொல்லை ஒட்டி எழுதினது. ‘தா’ன்னா கொடு, ‘மே’ன்னா எனக்கு, ‘லோ’ன்னா அதை. அதை எனக்குக் கொடு, அவ்வளவுதான். டிக்‌ஷனரியில தேட வேண்டியது ‘தார்’ங்கிற மூல வினையை.

இந்த வாலுக்குச் சில விதிகள் உண்டு. ஆள் முதல்ல, பொருள் அப்புறம். வரிசையை மாத்தக் கூடாது. “கொடுக்காதே”ன்னு சொல்லணும்னா வால் கழண்டு வினைக்கு முன்னாடி போயிடும்: ‘நோ மே லோ தெஸ்’. “அவனுக்கு அதைக் கொடு”ன்னா ‘தாலெலோ’ன்னுதானே வரணும்? வராது. ‘லே’ அங்க ‘செ’யா மாறி ‘தாசெலோ’ ஆகும். வால் எவ்வளவு நீண்டாலும் அழுத்தம் ‘தா’ மேலதான். அதைக் காட்டத்தான் ‘தாமெலோ’ எழுதும்போது முதல் உயிரெழுத்து மேல ஒரு சின்னக் கோடு போடுறாங்க. தனியா வர்ற ‘தா’வுக்கு அந்தக் கோடு தேவையில்லை.

‘தா’ன்னதும் நம்ம ‘தா’ ஞாபகம் வருதா? உறவு எதுவும் இல்லை, தற்செயல்தான். ஸ்பானிஷ் ‘தார்’ லத்தீன் வழி வந்தது. ‘தானம்’ங்கிற சமஸ்கிருதச் சொல்தான் அதுக்குத் தூரத்துச் சொந்தம்.

ஆனா எனக்குப் பிடிச்ச விஷயம் இங்கதான் இருக்கு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்துல, தருவதும் வருவதும் தன்மை, முன்னிலைக்கு உரியது, கொடுப்பதும் செல்வதும் படர்க்கைக்கு உரியதுன்னு விதி இருக்கு. அதாவது எனக்கோ உனக்கோன்னா ‘தா’, அவனுக்குன்னா ‘கொடு’. ஸ்பானிஷ்காரங்க வெளியில ஒட்டுற ‘மே’யைப் பழந்தமிழ் வினைக்குள்ளேயே வெச்சிருக்கு! இன்னிக்கு நாம எல்லாத்துக்கும் ‘குடு’தான் சொல்றோம். தேன்கனிக்கோட்டையில கன்னடம் பேசுற வீட்டுல “நீரு தா”ன்னா “தண்ணி கொண்டு வா”. பேசுறவங்களை நோக்கி வர்ற அந்தத் திசை, அந்தத் ‘தா’வுல இன்னும் இருக்கு.

அதே தொல்காப்பியம் மரியாதையும் பார்க்குது: தாழ்ந்தவர் கேட்டா ‘ஈ’, சமமானவர் கேட்டா ‘தா’, உயர்ந்தவர் கேட்டா ‘கொடு’. ‘தாமெலோ’வும் சமமானவங்ககிட்ட, நெருக்கமானவங்ககிட்ட சொல்றதுதான். பெரியவங்க, அறிமுகம் இல்லாதவங்கன்னா ‘தேமெலோ’, அதாவது “கொடுங்க”. ஓர் எழுத்துதான் வித்தியாசம். போகோட்டா பக்கம் சில வீடுகள்ல குடும்பத்துக்குள்ளேயே இந்த ‘ங்க’ வகைதான் ஓடும். ஓசூர் டிவிஎஸ் வண்டிகள் கொலம்பியா, மெக்ஸிகோவுலயும் விக்குது. நாளைக்கு அங்க இருக்கிற ஒரு டீலர்கிட்ட போன்ல பேசும்போது ஆப்ல படிச்ச ‘தாமெலோ’வை அப்படியே எடுத்து விட்டா, நாம கேட்கிறது அவருக்கு “டேய், அதைக் குடு” மாதிரி விழலாம். பல ஆப்கள் முதல்ல சொல்லித் தர்றது நெருக்கமான வடிவத்தைத்தான், கவனிங்க.

‘தீமெலோ’ காதுல விழுந்தா பயப்பட வேண்டாம். வால் அதேதான். ‘தீ’ன்னா சொல்லு, மூல வினை ‘தெசீர்’.