மஸ்கோகா ஏரிக்கரைக் கோடைக்குடில்கள்

மஸ்கோகா என்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ நகருக்கு வடக்கே காரில் இரண்டு, இரண்டரை மணி நேரத் தொலைவில் உள்ள ஏரிகள் நிறைந்த மாவட்டம் ஆகும். சிறிதும் பெரிதுமாக இங்கு ஏறத்தாழ 1,600 ஏரிகள் உள்ளன. அவற்றுள் மஸ்கோகா, ரோசோ, ஜோசப் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தவை. படகு மூலம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லலாம். இவ்வேரிகளின் கரைகளிலும் தீவுகளிலும் கட்டப்பட்டுள்ள கோடைக்கால வீடுகளை ஒன்ராறியோ மக்கள் 'கொட்டேஜ்' என்கின்றனர். தமிழில் குடில் என்று எழுதும்போது ஓலைக்குடிசை நினைவுக்கு வரலாம். உண்மையில், மரப்பலகையால் ஆன ஓர் அறை வீடும், பல மாடிகளும் படகுக் கொட்டகையும் கொண்ட மாளிகையும் இங்கே அதே சொல்லால்தான் குறிக்கப்படுகின்றன.

கோடையில் மட்டும் கூடும் இச்சமூகம், தான் அனுபவிக்கும் நீரைக் காக்க என்ன செய்கிறது என்பது ஏரியியல் படிப்பவர்களுக்கும் உள்ளூராட்சி பற்றிப் படிப்பவர்களுக்கும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

உழவு பொய்த்த நிலம்

மஸ்கோகா கனடியக் கேடயம் எனப்படும் மிகப் பழைய பாறைத் தளத்தின் தெற்கு விளிம்பில் அமைந்துள்ளது. பனியாறுகள் மண்ணைச் சுரண்டிச் சென்றதால் பாறையின் மேல் மெல்லிய மண்படலமே எஞ்சியுள்ளது. பிற்காலத்தில் இம்மாவட்டத்திற்கு நேர்ந்த நன்மை தீமைகள் பலவற்றுக்கும் இந்த மண்ணே காரணம்.

ஐரோப்பியக் குடியேற்றத்துக்கு முன் இது அனிசினாபே மக்களின் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உரிய நிலமாக இருந்தது. இன்றைய போர்ட் கார்லிங் ஊர் இருக்குமிடத்தில் ஒபஜெவனங் என்ற அவர்களது ஊர் இருந்தது. அங்கே தோட்டப்பயிர்களும் விளைந்தன. குடியேறிகளின் வருகையால் அம்மக்கள் வடமேற்கே பெரி தீவுக்கு இடம்பெயர நேர்ந்தது. எனினும் பல தலைமுறைகளாக அவர்கள் கோடைதோறும் போர்ட் கார்லிங்குக்குத் திரும்பிவந்து, தாம் முடைந்த கூடைகளையும் கைவினைப் பொருட்களையும் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றனர். மஸ்கோகாவின் கோடைக்கால வரலாற்றைக் குடில்காரர்களின் வரலாறாக மட்டும் எழுதும் வழக்கத்தில் இப்பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

1868 ஆம் ஆண்டில் ஒன்ராறியோ அரசு இலவசக் காணிச் சட்டத்தை இயற்றி, நிலத்தைத் திருத்திப் பயிரிடுவோருக்கு 100 ஏக்கர் வீதம் வழங்கியது. மரத்தை வெட்டியதும் பாறை வெளிப்பட்டது. வந்தவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே வேறிடம் பார்த்துச் சென்றனர். தங்கியவர்கள் பிழைத்தது பெரும்பாலும் மரம் வெட்டும் தொழிலாலும், கோடையில் வந்த நகரத்தாருக்கு முட்டை, பால், காய்கறி, விறகு விற்றதாலும்தான்.

அந்த நகரத்தார் வந்த வழியும் குறிப்பிடத்தக்கது. 1866 இல் ஏ. பி. கொக்பேர்ன் என்பவர் 'வெனோனா' என்ற நீராவிக் கப்பலை மஸ்கோகா ஏரியில் விட்டார். 1871 இல் போர்ட் கார்லிங்கில் கப்பல்களை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு அமைக்கப்பட்டது. 1875 இல் தொடருந்து கிரேவன்ஹேர்ஸ்ட் நகரை எட்டியது. காலையில் ரொறன்ரோவில் தொடருந்து ஏறியவர் துறையில் இறங்கிக் கப்பலுக்கு மாறி, மாலையில் தீவில் உள்ள விடுதிக்குச் சேர முடிந்தது. பெரிய விடுதிகள் எழுந்தன. 1901 இல் திறக்கப்பட்ட ரோயல் மஸ்கோகா விடுதி அவற்றுள் பெயர்பெற்றது. அது 1952 இல் எரிந்துபோனது. விடுதிக்கு வந்தவர்கள் காலப்போக்கில் கரையில் ஒரு துண்டு நிலம் வாங்கிச் சொந்தமாக வீடு கட்டத் தொடங்கினர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரச் செல்வர்கள் பலர் போமரிஸ் பகுதியில் குடில் அமைத்ததால் அதற்குச் 'சின்னப் பிட்ஸ்பர்க்' என்ற பெயரும் உண்டு. அக்காலக் கப்பல்களில் 'செக்வன்' மட்டும் மீளச் சீரமைக்கப்பட்டு, 1981 முதல் மீண்டும் பயணிகளுடன் ஓடுகிறது.

கோடையின் ஒழுங்கு

ஏரிகள் பொதுவாக ஏப்ரல் மாத இறுதியில் பனிக்கட்டி உருகித் திறக்கின்றன. மே 25 க்கு முந்திய திங்கட்கிழமையான விக்டோரியா நாள் விடுமுறையே குடில் திறக்கும் வழக்கமான நாள். குளிர்காலத்தில் உறைந்து வெடிக்காமல் இருக்க வெறுமையாக்கப்பட்ட குழாய்களில் மீண்டும் நீர் ஏற்றுவதும், எலி புகுந்த இடங்களைத் துப்புரவாக்குவதும், கரைக்கு இழுத்து வைத்த படகுத்துறையை நீரில் இறக்குவதும் அன்றைய வேலைகள். அதே வாரங்களில் கரு ஈக்களும் கிளம்பிவிடும். மே மாதத்தில் மஸ்கோகாவுக்குப் போய்க் கடிபடாமல் திரும்பியவர் இருக்க முடியாது.

கோடை முழுவதும் ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகள் ஒரே வீட்டில் கூடுகின்றன. பாட்டனார் கட்டிய வீட்டைப் பேரப்பிள்ளைகள் வாரமுறை வைத்துப் பகிர்ந்துகொள்வது உண்டு. துறையிலிருந்து குதித்து நீந்துவது, கனூவில் துடுப்பு வலிப்பது, ஊர்ப் படகுப்போட்டிகளில் கலந்துகொள்வது, மாலையில் சாய்வான மர நாற்காலியில் அமர்ந்து ஏரியைப் பார்த்திருப்பது ஆகியன வழக்கமான பொழுதுகள். அந்நாற்காலிக்கு இங்கே 'மஸ்கோகா நாற்காலி' என்று பெயர். ஆனால் அது பிறந்தது 1903 இல் நியூயோர்க் மாநிலத்தில். ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் நீண்ட வார இறுதிகளில் பல குடும்பமாகச் சேர்ந்து கொட்டேஜ் வாடகைக்கு எடுப்பதுண்டு. ஒக்டோபர் இரண்டாம் திங்களான நன்றி நாளோடு பெரும்பாலான வீடுகள் மூடப்படுகின்றன.

ஏரி யாருக்கு உரியது

ஏரியின் அடிநிலம் பொதுவாக அரசுக்கு உரியது. கரையில் நிலம் வைத்திருப்பவருக்கு ஏரியில் பங்கு கிடையாது. பழைய நில அளவையாளர்கள் ஏரியைச் சுற்றி 66 அடி அகலத்தில் பொதுப்பாதைக்கென ஒரு பட்டையையும் ஒதுக்கியிருந்தனர். பாதை பெரும்பாலும் போடப்படவே இல்லை. பிற்காலத்தில் குடில்காரர்கள் தத்தம் வீட்டுக்கு முன்னால் உள்ள அப்பட்டையை ஊராட்சியிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டனர். இதனால் பொதுமக்கள் நீரில் இறங்கக்கூடிய கரை குறுகிவிட்டது. ஊரில் ஆண்டு முழுவதும் வாழ்பவர்களிற் பலர் ஏரியைப் பார்க்கப் பொதுக் கடற்கரைக்கோ படகிறக்கும் சரிவுக்கோ போக வேண்டியுள்ளது.

மற்றொரு புறம், ஒன்ராறியோச் சட்டப்படி ஓர் ஊராட்சியில் நிலம் வைத்திருக்கும் கனடியக் குடிமகன், அங்கே நிரந்தரமாக வாழாவிட்டாலும் அவ்வூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆகவே குடில்காரர்களின் சங்கங்கள் வெறும் பொழுதுபோக்கு மன்றங்கள் அல்ல. 1894 இல் தொடங்கப்பட்ட மஸ்கோகா ஏரிகள் சங்கம் இவற்றுள் மூத்தது. மாகாணம் முழுவதும் உள்ள இத்தகைய சங்கங்களின் கூட்டமைப்பு 1963 இல் உருவானது. கட்டட அனுமதி, கரையோர மரங்கள், படகு வேகம் எனப் பலவற்றில் இவை ஊராட்சிகளை நெருக்குகின்றன. அந்த அக்கறையில் ஏரி மீதான அன்பு எவ்வளவு, சொத்தின் விலை மீதான அன்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். எதுவாயினும் நீரைச் சோதிக்க ஆட்கள் கிடைக்கின்றனர்.

பொசுபரசும் செப்டிக் தொட்டியும்

தெளிந்த ஏரி பச்சையாக மாறுவதற்கு முதற்காரணம் பொசுபரசு. நன்னீரில் பாசிகளின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் இந்த ஒரு சத்தின் பற்றாக்குறையே. ஒரு லீற்றர் நீரில் 10 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஏரி தெளிவாக இருக்கும். 20 ஐத் தாண்டினால் பாசி தொல்லை தரத் தொடங்கும். மஸ்கோகாவின் பெரும்பாலான ஏரிகள் முதல் வகையைச் சேர்ந்தவை.

ஏரிக்கரை வீடுகளில் நகரக் கழிவுநீர்க் குழாய் இல்லை. கழிவு ஒரு தொட்டியில் தேங்கித் திண்மம் அடியில் படிய, நீர் துளையிட்ட குழாய்கள் வழியே மண்ணில் பரவுகிறது. மண்ணே வடிகட்டி. பாறை மேல் ஓரடி மண் மட்டுமே உள்ள இடத்தில் வடிகட்டி எப்படி வேலை செய்யும்? எனவே பல இடங்களில் வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து மேடு அமைத்தே கழிவுநீர்ப் படுகை கட்டப்படுகிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியை இறைத்துத் துப்புரவாக்க வேண்டும். தாத்தா காலத்தில் இரண்டு பேர் வார இறுதியில் வந்து தங்கப் போட்ட தொட்டியை இன்று பன்னிரண்டு பேர் பயன்படுத்துவது உண்டு. வாடகைக்கு விடப்படும் வீடுகளில் இது அடிக்கடி எழும் முறைப்பாடு.

இவ்விடயத்தில் மஸ்கோகாவுக்கு நல்ல பாடமும் கிடைத்திருக்கிறது. நகரக் கழிவுநீரால் கெட்டுப்போயிருந்த கிரேவன்ஹேர்ஸ்ட் குடா, 1970களின் தொடக்கத்தில் சுத்திகரிப்பு நிலையத்தில் பொசுபரசு நீக்கப்பட்ட பின் தேறியது. அருகிலுள்ள டோர்செற் ஆய்வு நிலையம் சார்ந்த ஆய்வுகளிலிருந்து, ஓர் ஏரி எத்தனை கரையோர வீடுகளைத் தாங்கும் என்று கணக்கிடும் முறையும் உருவானது. இன்றும் அந்நிலையம் நடத்தும் திட்டத்தில் தன்னார்வலர்கள் பங்கேற்கின்றனர். அவர்கள் வசந்தத்தில் நீர் மாதிரி எடுத்து அனுப்புகின்றனர். கறுப்பு வெள்ளை நிறத்தில் 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள செக்கித் தட்டை நீரில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துவைக்கின்றனர். கயிறும் தட்டும் போதும். ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் செய்ய வேண்டும் என்பதே இதன் சிரமம்.

வீட்டுக்கு முன் புல்வெளி அமைத்து உரமிடுவதும் பொசுபரசைக் கூட்டும். நீரை ஒட்டி அகலமான காட்டுச்செடிப் பட்டையை அப்படியே விட்டுவிடுவதே மிகச் சிறந்த காப்பு. ஏரி தெரிய வேண்டும் என்று மரத்தை வெட்டுபவர்களுக்கும் ஊராட்சிக்கும் இடையே ஓயாத இழுபறி இதில்தான். பொசுபரசு குறைவான ஏரிகளிலும் கோடை வெப்பம் நீள நீள நீலப்பச்சைப் பாசி தோன்றலாம் என்பதால், எண் நன்றாக இருக்கிறது என்று வாளாவிருக்கவும் முடியாது.

கல்சியமும் அடுப்புச் சாம்பலும்

பல ஆண்டுகளாகக் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவந்த வேறொரு மாற்றம் இதைவிடக் கவலைக்குரியது. இருபதாம் நூற்றாண்டில் சட்பரி உருக்காலைகளிலிருந்தும் அமெரிக்க அனல்மின் நிலையங்களிலிருந்தும் வந்த கந்தகப் புகை அமில மழையாகப் பெய்து, மெல்லிய மண்ணிலிருந்த கல்சியத்தைக் கரைத்துச் சென்றது. மரம் வெட்டி அகற்றியதும் அதனோடு சேர்ந்தது. 1991 இல் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் காற்றுத்தர உடன்படிக்கை செய்தன. புகை குறைந்தது, நீரின் அமிலத்தன்மையும் குறையத் தொடங்கியது. ஆனால் மண்ணில் வற்றிய கல்சியம் திரும்பவில்லை.

டாப்னியா எனப்படும் நுண்ணிய நீர்த்தெள்ளுக்கு ஓடு வளரக் கல்சியம் வேண்டும். லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தடுமாறுகிறது. அதன் இடத்தை, உடலைச் சுற்றிக் கூழ் போன்ற உறை கொண்ட ஹோலோபீடியம் பிடித்துக்கொள்கிறது. 2014 இல் பிரித்தானிய அரச கழக ஆய்விதழில் வெளியான கட்டுரையொன்று, ஒன்ராறியோ ஏரிகள் 'கூழாகி' வருவதை விவரித்தது. டாப்னியா பாசியைத் தின்று நீரைத் தெளிவாக வைப்பது. மீன்களுக்கு நல்ல இரையும் கூட. கூழுறை உயிரியோ சத்துக் குறைந்தது, நீர் உறிஞ்சும் வடிகட்டிகளையும் அடைத்துவிடும்.

இதற்கு மருந்து வீட்டு அடுப்பிலேயே இருந்தது. விறகுச் சாம்பலில் கல்சியம் மிகுதி. 'மஸ்கோகா நீர்ப்பிடிப்பு நண்பர்கள்' என்ற அமைப்பு, வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து தரும் சாம்பலைச் சேர்த்து, அதிலுள்ள உலோகங்களைச் சோதித்து, மேப்பிள் தோப்புகளில் தூவி விளைவை அளந்துவருகிறது. சாம்பலை நேரே ஏரியில் கொட்டுவதில்லை. முதலில் மண்ணும் மரமும் தேற வேண்டும். அங்கிருந்து நீருக்கு ஊறி வரவேண்டும். அதற்கு ஆண்டுகள் பல ஆகும்.

படகுகளும் பறவைகளும்

கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் காணப்படும் லூன் பறவை, நீர்விளிம்பிலேயே கூடு கட்டும். அதன் கால்கள் உடலின் பின்புறத்தில் அமைந்திருப்பதால் தரையில் சரியாக நடக்க வராது. பெரிய அலை எழுப்பும் விசைப்படகு ஒன்று கரையோரமாகச் சென்றாலே முட்டைகள் நீரில் போய்விடக்கூடும். ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் படகின் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது. சட்டம் இருக்கிறது, ஏரியில் காவலர் எப்போதும் இருப்பதில்லை. 2022 சனவரி 1 முதல், ஓர் ஏரியிலிருந்து மற்றதற்குப் படகைக் கொண்டுசெல்வோர் அதில் ஒட்டியுள்ள செடிகளை அகற்றி நீரை வடித்துவிடவேண்டும் என்பதும் கட்டாயம். முள்வால் நீர்த்தெள்ளு போன்ற அயல் உயிரிகள் பரவும் வழிகளுள் படகும் ஒன்று என்பதே காரணம்.

2019 ஏப்ரலில் பனியுருகலும் மழையும் ஒன்றாகச் சேர்ந்து பிரேஸ்பிரிட்ஜ், ஹன்ட்ஸ்வில், மஸ்கோகா ஏரிகள் ஆகிய ஊராட்சிகளில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்போது பெரும்பாலான குடில்கள் இன்னும் திறக்கப்படவில்லை. மணல்மூட்டை அடுக்கியவர்களில் பெரும்பாலோர் ஊரிலேயே ஆண்டு முழுவதும் வாழ்பவர்கள்தான். குளிர்காலச் சாலைகளில் பனி உருக இடப்படும் உப்பும் அவர்கள் எதிர்கொள்ளும் சிக்கலே: சாலையில் சறுக்காமல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக உப்பு வேண்டும், அதே உப்பு வசந்தத்தில் ஏரியை அடைந்து, கல்சியம் குறைந்த மென்னீரில் ஏற்கெனவே நலிந்திருக்கும் டாப்னியாவை மேலும் வாட்டுகிறது.