புலியின் வயிற்றில் ஓர் ஆர்கன்

கூனிமேட்டு உப்பளங்களைக் கடந்து செல்வோரில் பலர், 17-ம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பண்டகசாலை ஒன்று இருந்ததை அறியார். அதே கம்பெனி, நூறு ஆண்டுகள் கழித்து, விந்தையானதோர் ஆர்கனுக்கு உடைமையாளராயிற்று. அது கைமாறிய வரலாற்றைச் சற்றே பின்தொடர்வோம்.

ஆர்கன் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆலயம். துருத்தியின் காற்று குழல்களிற் புகுந்து இசையாகும் இக்கருவியைப் பெரிதும் போற்றுமாறு 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கூறியுள்ளது. ஆனால் நாம் சொல்லும் ஆர்கன் ஆராதனைக்கென்று பிறந்ததன்று. மைசூர் மன்னர் திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட மரப்புலியின் வயிற்றில் அது அமைந்துள்ளது. கீழே கிடக்கும் ஐரோப்பியன் ஒருவனைப் புலி கவ்வியிருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும். அம்மனிதன் கையை உயர்த்தி ஓலமிடுவான். விலாப்புறக் கதவைத் திறந்தால் 18 கட்டைகள் கொண்ட ஆர்கன் தென்படும்.

பகைமை வடித்த இசைக்கருவி அது. எனினும் மன்னரைப் பழிக்க நாம் முற்படவில்லை. 1792-ல் தம் புதல்வர் இருவரை ஆங்கிலேயரிடம் பிணையாக ஒப்படைத்துத் தவித்த தந்தை அவர். அவருடைய தலைநகராகிய சீரங்கப்பட்டணத்திலோ, 1784-ல் சிறைப்பிடிக்கப்பட்ட மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர் துயருற்றுக் கிடந்தனர். வழியிலும் சிறையிலும் மாண்டோர் பலர்.

1799 மே 4-ம் நாள் நகரம் வீழ்ந்தது. திப்பு போரில் மடிந்தார். எஞ்சியிருந்த கத்தோலிக்கர் விடுதலை பெற்றனர், ஆர்கன் சிறைப்பட்டது! கப்பலேறி இலண்டன் சென்ற அது, 1808 முதல் கம்பெனி மாளிகையில் காட்சிப்பொருளாயிற்று. 1858-ல் கம்பெனியின் ஆட்சி முடியவே, உடைமை பிரிட்டிஷ் அரசைச் சேர்ந்தது. இடம்விட்டு இடம் பெயர்ந்து, 1880-ல் இன்று விக்டோரியா ஆல்பர்ட் எனப்படும் அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது கூரை இடிந்து விழ, புலி நூற்றுக்கணக்கான துண்டுகளாயிற்று. துண்டுகள் ஒட்டப்பட்டு, 1947-ல் மீண்டும் காட்சிக்கு வந்தது. இன்றும் அங்கேயே இருக்கிறது.

சீரங்கப்பட்டணத்தில் எஞ்சிய மக்கள் என்னவாயினர்? பலர் சொந்த மண்ணுக்குத் திரும்பினர். அங்கேயே தங்கியோரைத் தேடி, நம் புதுவை மறைப்பணித்தளத்தைச் சார்ந்த பிரெஞ்சுக் குரு துபுவா சென்றார். சிதறிய மந்தையை ஒன்றுசேர்த்தார். பின்னர் மைசூர் நாட்டில் அம்மைத் தடுப்பூசி பரவவும் உழைத்தார்.

மன்னர், கம்பெனி, அரசு என உடைமையாளர் மாறிய போதெல்லாம் ஆர்கன் எதிர்ப்புச் சொல்லவில்லை. கைப்பிடியைச் சுழற்றியவருக்கெல்லாம் அது உறுமிற்று. கருவிக்குத் தன் விருப்பம் என்று ஒன்றில்லை. துருத்தியின் காற்றும் ஒன்றே. உறுமலாவதும் துதியாவதும் செய்வித்தவர் உள்ளத்தைப் பொறுத்தது.

நம் இல்லங்களிலும் அப்படித்தானே? ஒரே மூச்சு, கடுஞ்சொல்லாகவும் வெளிவரும், செபமாலையாகவும் வெளிவரும். இன்று மாலை குடும்பச் செபத்திற்கு அமருமுன், இன்று காலை முதல் நம் மூச்சு எவ்வாறு ஒலித்தது என்று சற்றே எண்ணிப் பார்ப்போமாக.