வெள்ளத்தில் இருந்து வெளியேறும் மக்களிடம் சுங்கக் கட்டணமா? மணியாச்சி சொல்லும் பாடம்

2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஏறக்குறைய 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளியில் தங்க வைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் ரயில் நிலையத்திலேயே இருந்தார்கள். சுற்றியுள்ள ஊர் மக்கள் சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் இருந்து உணவுப் பொட்டலங்கள் போடப்பட்டன. 19ஆம் தேதி அவர்கள் மீட்கப்பட்டு, சாலை வழியாக வாஞ்சி மணியாச்சி சந்திப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அதே மழைதான் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை ஒரே நாளில் பெய்தது. அந்த நாட்களை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. உறவினர்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியாமல் தவித்தோம். தமிழகத்தின் பல ஊர்களில் இருந்து ஜமாஅத்களும் இளைஞர்களும் அரிசி, பால் பவுடர், போர்வை, தண்ணீர் என்று ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார்கள்.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடும் குடும்பமும், அவர்களுக்கு உதவப் போகும் வண்டியும் சுங்கச்சாவடியில் நின்று கட்டணம் செலுத்தித்தான் போக வேண்டுமா? இதில் சட்டம் என்ன சொல்கிறது, இதற்கு முன் என்ன நடந்திருக்கிறது, நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

மூன்று நெடுஞ்சாலைகளுக்கு நடுவில்

மணியாச்சி இருக்கும் இடத்தை வரைபடத்தில் பாருங்கள். மேற்கே மதுரையில் இருந்து கோவில்பட்டி, கயத்தாறு வழியாகக் கன்னியாகுமரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44. அதில் கயத்தாறு அருகே சாலைப்புதூர் சுங்கச்சாவடி. தெற்கே திருநெல்வேலி – தூத்துக்குடி சாலை. அதில் வாகைக்குளம் சுங்கச்சாவடி. கிழக்கே எட்டயபுரம் வழியாக வரும் மதுரை – தூத்துக்குடி சாலை. அதில் புதூர்பாண்டியாபுரம் சுங்கச்சாவடி. நெடுஞ்சாலை வழியாக இந்தப் பகுதியை விட்டு நெடுந்தூரம் போகிறவர், பெரும்பாலும் இவற்றில் ஒன்றையாவது கடந்தாக வேண்டும்.

வெயில் காலத்தில் உள்ளூர்க்காரர்கள் கிராமத்துப் பாதைகளில் சுற்றிப் போய்விடுவார்கள். மழைக்காலத்தில் அது நடக்காது. இது கரிசல் பூமி. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் சேறாகிக் காலையும் சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். ஓடைகள் நிரம்பினால் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். அப்போது மிச்சம் இருப்பது உயரமாகப் போட்ட நெடுஞ்சாலைதான். சாதாரண நாளில் கட்டணச் சாலை நமக்கு ஒரு வசதி. வெள்ள நாளில் அதைத் தவிர வேறு வழியே இருக்காது. வேறு வழி இல்லாதவரிடம் வாங்கும் கட்டணத்தைச் சாதாரண நாளின் கட்டணத்தைப் போலப் பார்க்க முடியாது.

சட்டத்தில் யாருக்கு விலக்கு?

தேசிய நெடுஞ்சாலைகளில் கட்டணம் வசூலிப்பது 2008ஆம் ஆண்டின் கட்டண விதிகளின்படி நடக்கிறது. அதன் 11ஆவது விதி, யார் கட்டணம் செலுத்த வேண்டாம் என்று பட்டியல் இடுகிறது. குடியரசுத் தலைவர் முதல் பல உயர் பதவியினரின் வாகனங்கள் அதில் உள்ளன. ராணுவம், சீருடையில் உள்ள காவல் துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றின் வாகனங்களும், ஆம்புலன்சும், இறந்தவர் உடலைக் கொண்டு செல்லும் வாகனமும் இருக்கின்றன.

நம் ஜமாஅத்கள் நடத்தும் ஆம்புலன்சும் ஜனாஸா வண்டியும் இந்தப் பட்டியலுக்குள் வருகின்றன. இதை அறியாமல் இன்னும் கட்டணம் செலுத்தி வருபவர்கள் இருக்கலாம். இத்தகைய வாகனங்களுக்கான விலக்கு ஃபாஸ்டேக்கை நெடுஞ்சாலை ஆணையத்திடம் விண்ணப்பித்துப் பெறலாம்.

வெள்ளத்தில் இருந்து தப்பி ஓடும் குடும்பத்தின் கார் இந்தப் பட்டியலில் இல்லை. முகப்பில் ‘நிவாரணப் பொருட்கள்’ என்று துணி கட்டிய லாரியும் இல்லை. மனிதாபிமானத்தில் விட்டால் உண்டு. உரிமையாகக் கேட்க முடியாது. அரசு தனியாக ஓர் உத்தரவு போட்டால்தான் அந்த உரிமை வரும்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்ட ஆணையத்துக்கு, பாதிக்கப்பட்ட பகுதிக்குள் வரும், அங்கிருந்து வெளியேறும் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அளிக்கிறது. ஆனால் சுங்கக் கட்டணத்தை நிறுத்தலாம் என்று அதில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசின் கையில் இருப்பதால், கோப்பு டெல்லி வரை போய்த்தான் திரும்ப வேண்டும். அதற்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும்.

முன்னுதாரணம் உண்டு

கட்டணத்தை நிறுத்தவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. பலமுறை நிறுத்தியிருக்கிறார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, அந்தப் பகுதியின் தேசிய நெடுஞ்சாலைகளில் மத்திய அரசு கட்டண வசூலை நிறுத்தி வைத்தது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு அறிவிப்பு வந்தபோது, டிசம்பர் 2 வரை நாடு முழுவதும் சுங்கச்சாவடிகள் கட்டணம் வாங்கவில்லை. 2020 மார்ச் 25 முதல் ஏப்ரல் 19 வரை கொரோனா ஊரடங்கிலும் அப்படியே.

நமக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் 2021 மே மாதத்தில் நடந்தது. மூச்சுத் திணறி மக்கள் இறந்துகொண்டிருந்த அந்த நாட்களில், மருத்துவ ஆக்சிஜன் ஏற்றிச் செல்லும் டேங்கர்களை ஆம்புலன்சுக்குச் சமமாகக் கருதி, இரண்டு மாதங்களுக்குக் கட்டண விலக்கு அளித்தது நெடுஞ்சாலை ஆணையம். சாலையை எல்லோருக்கும் இலவசமாக்காமல், உயிர் காக்கும் வாகனத்துக்கு மட்டும் வழிவிட முடியும் என்பதற்கு அதுவே சான்று.

வெளிநாட்டில் பார்த்தால், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் புயலை அடிக்கடி சந்திக்கிறது. 2017இல் இர்மா புயல் கரையைக் கடப்பதற்குச் சில நாட்கள் முன்பே அந்த மாநில ஆளுநர் கட்டணத்தை நிறுத்திவிட்டார். 2024இல் மில்டன் புயல் வந்தபோதும் மக்கள் வெளியேறும் சாலைகளில் அதையே செய்தார்கள். இந்தியாவில் பெரும்பாலும் துயரம் நடந்த பிறகு நிறுத்துகிறோம். அங்கே மக்கள் புறப்படும் நேரத்திலேயே நிறுத்துகிறார்கள். மக்களை வெளியேற்றுவதற்கு உதவுவது முன்கூட்டிய அறிவிப்புதான்.

ஃபாஸ்டேக் இருக்கும்போது தாமதம் எங்கே?

இப்படி ஒரு கேள்வி வரலாம். நியாயமான கேள்விதான். எல்லாம் சரியாக ஓடினால் வண்டி சில நொடிகளில் கடந்துவிடும். ஆனால் பேரிடர் நாளில் எதுவும் சரியாக ஓடுவதில்லை. மின்சாரம் போகும், செல்போன் கோபுரம் அணையும். கணக்கில் பணம் தீர்ந்திருக்கும். நிரப்ப இணையம் இருக்காது. ஒரே ஒரு வண்டியின் அட்டை வேலை செய்யாமல் வாக்குவாதம் தொடங்கினால், பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் மழையில் காத்திருக்க வேண்டும். சரியான ஃபாஸ்டேக் இல்லாத வாகனத்துக்கு வழக்கமாகவே கூடுதல் கட்டணம் விதிக்கப்படுகிறது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவருக்கு அது தண்டனையாகிவிடும்.

தடுப்புக் கட்டையை மட்டும் தூக்கிவிட்டால் போதாது. மேலே இருக்கும் கருவி ஓடிக்கொண்டிருந்தால், வண்டி நிற்காமல் போனாலும் கணக்கில் இருந்து பணம் எடுக்கப்பட்டுவிடும். எனவே கட்டணம் நிறுத்தம் என்றால் கருவியையும் நிறுத்த வேண்டும். உத்தரவில் அதைத் தெளிவாக எழுத வேண்டும்.

இழப்பை யார் ஏற்பது?

சாலையைப் போட்ட நிறுவனம் கடன் வாங்கியிருக்கும்; வசூல் நின்றால் யார் கொடுப்பது என்று கேட்பார்கள். பணமதிப்பிழப்பின்போது நிறுத்தியதற்கு அரசு நிறுவனங்களுக்கு ஈடு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பணமும் கடைசியில் மக்கள் பணம்தான். ஆகவே எல்லாச் சாலையையும் பல வாரங்களுக்கு இலவசமாக்கச் சொல்வது பொறுப்பான கோரிக்கை ஆகாது. குறிப்பிட்ட மாவட்டம், குறிப்பிட்ட சாவடிகள், வெளியேறும் நாட்களும் நிவாரண நாட்களும் என்று எல்லை வகுத்தால் இழப்பு சிறியது.

கட்டணம் நின்றாலும் சுங்கச்சாவடி ஊழியர்கள் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அங்கே உள்ள கிரேன், ஆம்புலன்ஸ், ரோந்து வாகனம் எல்லாம் அன்றுதான் மிக அதிகமாகத் தேவைப்படும்.

இதே பகுதியில் சுங்கக் கட்டணம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2025 ஜூனில், மதுரை – தூத்துக்குடி சாலையைச் சரியாகப் பராமரிக்கும் வரை எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் சாவடிகளில் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பின்னர் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், கட்டணம் என்பது சாலை தரும் சேவைக்கான விலை என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றிவிட்டது.

நாம் கேட்க வேண்டியது, செய்ய வேண்டியது

ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாவட்ட நிர்வாகம் ஆயத்தக் கூட்டம் நடத்துகிறது. அதில் ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி நம் ஜமாஅத்களும் வணிகர் சங்கங்களும் மனு கொடுக்கலாம்: ‘மக்களை வெளியேற்ற ஆட்சியர் உத்தரவிட்ட நேரத்தில் இருந்து, பட்டியலில் உள்ள சுங்கச்சாவடிகளில் கட்டணம் தானாக நிற்கும்.’ உத்தரவை முன்பே எழுதி, ஆணையத்தின் ஒப்புதலையும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பேரிடர் நாளில் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியவையும் உண்டு. நிவாரண வண்டி அனுப்பும் முன், அது போய்ச் சேரும் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமான அனுமதி கேளுங்கள். ஃபாஸ்டேக் கணக்கில் பணம் இருக்கிறதா, அட்டை முடக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையும் கணக்கும் சரியாக இருந்து, சாவடியின் கருவி பழுதாகி இருந்தால், கட்டணம் இன்றிக் கடந்து போக விதி அனுமதிக்கிறது. கட்டணம் நிறுத்தப்பட்ட நாளில் பணம் எடுக்கப்பட்டால், குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்து, 1033 என்ற எண்ணிலும் அட்டை வழங்கிய வங்கியிலும் புகார் செய்யுங்கள்.

2023இல் மணியாச்சிக்கு வந்து சேர்ந்த பயணிகளுக்கு, ஊர் பெயர் தெரியாத மக்கள் சோறு போட்டார்கள். காயலுக்கு வந்த லாரிகளில் எல்லாச் சமுதாயத்தவரும் அனுப்பிய பொருட்கள் இருந்தன. அந்த மக்களுக்கும் அந்த வண்டிகளுக்கும் வழியில் ஒரு தடை குறைந்தால், உதவி ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேரும். மூட்டை முடிச்சுகளோடு பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் குடும்பத்துக்கு அந்த ஒரு மணி நேரம் மிகப் பெரியது. அடுத்த மழைக்கு முன் இதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.