உயிர்கள் கட்டிய ஓய்வுத் தீவு

காலை நேரம். தென்னையோலைகளின் சலசலப்பையும் சிற்றலைகளின் முணுமுணுப்பையும் தவிர வேறு ஓசையில்லை. வெண்மணற் கரையில் ஓர் இளந்தம்பதி செருப்பில்லாமல் நடந்து வருகின்றனர். பேருந்து இரைச்சல் இல்லை. அலுவலக மணி இல்லை. தீவு முழுவதையும் ஒருமுறை சுற்றிவர அவர்களுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இன்னும் ஐந்து நாட்கள் இங்கே ஓய்வெடுக்கப் போகிறார்கள்.

இவர்கள் வந்திருப்பது இந்தியப் பெருங்கடலில் உள்ள மாலத்தீவுக்கு. ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளைக் கொண்ட நாடு அது. வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, நிலநடுக்கோட்டையும் தாண்டிச் செல்கிறது. ஆனால் எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்று சேர்த்தாலும் சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான் தேறும். 1972-ஆம் ஆண்டில் அங்கே முதல் சுற்றுலாத் தங்குமிடம் திறக்கப்பட்டது. அதன் பெயர் குரும்பா. அந்நாட்டுத் திவேகி மொழியில் இளநீர்க் காய் என்று பொருள். நம்முடைய ‘குரும்பை’ நினைவுக்கு வருகிறதல்லவா? அன்று தொடங்கி, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறையில் சுற்றுலா வளர்ந்து, இன்று அந்நாட்டின் முதன்மையான வருவாயாகிவிட்டது.

இங்கே வரும் தம்பதியர் ஓய்வெடுக்கலாம். ஆனால் அவர்கள் காலடியில் உள்ள தீவுக்கு ஒரு நொடியும் ஓய்வு கிடையாது. கோடானுகோடி உயிர்கள் இரவு பகலாக உழைத்துக் கட்டிய தீவு அது. இப்போதும் அது கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வேலை நின்றுபோனால் என்னவாகும்? அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

மணல் எங்கிருந்து வந்தது?

நம் ஊர்க் கடற்கரையில் உள்ள மணலின் பெரும்பகுதி மலைப்பாறையிலிருந்து பிறந்தது. மழையும் வெயிலும் பாறையைத் தகர்க்க, ஆறுகள் அதை உருட்டி அரைத்துக் கடலில் கொண்டுவந்து சேர்க்கின்றன. மாலத்தீவில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. அப்படியானால் இவ்வளவு மணல் எப்படி வந்தது?

ஒரு சிட்டிகை மணலை எடுத்து அதன்மேல் காடி அல்லது வேறு அமிலம் சில துளிகள் விட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். நுரைத்துக் குமிழிகள் எழும். கரியமில வாயு வெளிவருவதன் அடையாளம் அது. அந்த மணல் சுண்ணாம்புப் பொருள், அதாவது கால்சியம் கார்பனேட். ஆற்று மணலில் உள்ள குவார்ட்சுத் துகள் அமிலத்தில் நுரைக்காது. பவளத் துண்டுகள், சிப்பி ஓடுகள், சுண்ணாம்பைச் சேர்த்து வளரும் கடற்பாசிகள், கண்ணுக்கு எட்டாத நுண்ணுயிர்களின் கூடுகள் ஆகியவை நொறுங்கிய தூளே இந்த மணல். ஒவ்வொரு துகளும் ஒருகாலத்தில் ஏதோ ஓர் உயிரின் உடலில் இருந்தது.

நொறுக்குவது யார்? அலைகள் ஒரு பங்கு நொறுக்குகின்றன. ஆனால் பெரிய ‘அரைவை ஆலை’ கிளிமீன். கிளியின் அலகைப் போன்ற உறுதியான வாய் இருப்பதால் அதற்கு இப்பெயர். பாறைமேல் படிந்துள்ள பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்பதற்காக அது சுண்ணாம்பையும் சேர்த்தே கொறிக்கிறது. தொண்டையில் உள்ள இன்னொரு வரிசைப் பற்களால் அதை மாவாக அரைக்கிறது. சத்தை உறிஞ்சிக்கொண்டு, எஞ்சியதை வெண்மணலாகக் கழித்துவிடுகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோகிராம் மணலை உண்டாக்கக்கூடும். மாலத்தீவின் வக்காரு என்னும் தீவைச் சுற்றி நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியாயிற்று. அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்கள் தந்ததே என்று அது கண்டது. நம் தம்பதி மெத்தைபோல் நினைத்துப் படுத்திருக்கும் மணல், மீனின் கழிவு என்று சொன்னால் முகம் சுளிப்பார்களோ, வியப்பார்களோ!

பவளம் என்னும் கொத்தனார்

மீன் அரைப்பதற்குச் சுண்ணாம்பு வேண்டுமே, அதைத் தருவது யார்? பவளம். பேச்சு வழக்கில் பவளப்பூச்சி என்கிறோம். உண்மையில் அது பூச்சியன்று, சொறிமீனின் உறவினம். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே உள்ள, குழாய் போன்ற மெல்லுடல். கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிரித்தெடுத்துத் தன்னைச் சுற்றிக் கிண்ணம் போல ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. அதன்மேல் அடுத்த அடுக்கு, அதன்மேல் இன்னொன்று என்று வளர்ந்து பாறையாகிறது. உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு செ.மீ. அளவுக்குத்தான் வளரும். கிளைப்பவளங்களில் சில 10 செ.மீ. வரை வளர்வதுண்டு.

இந்தக் கொத்தனாருக்குச் சோறு போடுவதும் ஓர் உயிரே. பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளம் அவற்றுக்கு இடமும் கரியமில வாயுவும் தருகிறது. அவை வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து, தாம் ஆக்கிய உணவில் பெரும்பங்கைப் பவளத்துக்கு வாடகையாகத் தருகின்றன. பவளத்தின் பழுப்பும் பசுமையும் பெரும்பாலும் இப்பாசிகளின் நிறமே. வெளிச்சம் வேண்டியிருப்பதால் பாறை கட்டும் பவளம் தெளிந்த, ஆழமற்ற, வெதுவெதுப்பான நீரில்தான் செழிக்கும்.

வளையத்தின் கதை

விமானத்தில் வரும்போது தம்பதி கீழே கண்ட காட்சி அழகானது. கருநீலக் கடலில் வளையல்களைப் பரப்பினாற்போல் பவளத்திட்டுகள். வளையத்துக்குள் வெளிர்நீலக் காயல். உலகெங்கும் இத்தகைய வளையத் தீவுகளுக்கு ‘அட்டோல்’ என்று பெயர். திவேகி மொழியின் ‘அத்தொளு’ என்ற சொல்லே உலக அறிவியலில் நுழைந்து அட்டோல் ஆயிற்று.

கடல் நடுவே வளையம் எப்படி உண்டாயிற்று? சார்லஸ் டார்வின் 1842-இல் வெளியிட்ட நூலில் ஒரு விளக்கம் தந்தார். கடலில் ஓர் எரிமலை எழுகிறது. அதன் கரையைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. எரிமலை மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவளமோ வெளிச்சத்தை விடாமல் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகிறது. மலை மறைந்த பின்பு வளையம் மட்டும் எஞ்சுகிறது! 1952-இல் பசிபிக்கின் எனிவிட்டாக் தீவில் ஆழத் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. மலை அமிழ்ந்தது உண்மையே.

பிற்கால ஆய்வுகள் இதனுடன் இன்னொரு காரணத்தையும் சேர்த்தன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. வெளியே நின்ற சுண்ணாம்பு மேடைகளின் நடுப்பகுதியை மழைநீர் கரைத்துக் கிண்ணமாக்கியது. கடல் மீண்டும் ஏறியபோது விளிம்பில் பவளம் வளர்ந்து வளையம் தெளிவாயிற்று. அவ்வளையத்தின்மேல் மணல் குவிந்து இன்றைய தீவுகள் உண்டானது கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில்தான். நம் சங்கப் பாடல்களைவிட ஓரிரு மடங்கே வயது கூடியவை எனலாம்.

நீலத்தில் இத்தனை வகை ஏன்?

கரையோரம் பச்சை கலந்த வெளிர்நீலம். சற்றுத் தள்ளி அடர்நீலம். தூய நீர் செந்நிற ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. நீல ஒளியை விட்டுவிடுகிறது. ஆழமில்லாத இடத்தில் வெண்மணல் ஒளியைத் திருப்பியனுப்புவதால் வெளிர்நிறம். பவளமேட்டின் விளிம்புக்கு அப்பால் அடிமணல் கண்ணுக்கு எட்டாததால் கருநீலம். கடலின் நீலம் வானத்தின் எதிரொளி மட்டுமே என்றிருந்த கருத்தை நம் சர் சி. வி. இராமன் 1921-இல் கப்பற் பயணத்தின்போது சோதித்து மறுத்தார். நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று காட்டினார். அந்த வழியில் தொடர்ந்த ஆய்வே பின்னர் அவருக்கு நோபல் பரிசைத் தேடித் தந்தது.

கடல் நடுவே நன்னீர்

இந்தத் தீவுகளில் மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கிணறு தோண்டி நீர் குடித்து வந்தனர். நாற்புறமும் உப்புக்கடல் இருக்க, நன்னீர் எங்கிருந்து வந்தது? மழைநீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே, நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 25 செ.மீ. உயர்ந்து நின்றால், கணக்குப்படி அது கடல்மட்டத்துக்குக் கீழே 10 மீட்டர் வரை இறங்கியிருக்க வேண்டும். நாற்பது மடங்கு! நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும், பௌதிகப் பாடத்தில் வரும் குவிவில்லைபோல அது அமைகிறது. ஓதம் ஏறி இறங்கும்போது இரு நீரும் கலப்பதால் சிறு தீவுகளில் இந்த வில்லை கணக்கைவிட மெலிந்தே இருக்கும்.

அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்புநீர் மேலேறிவிடும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது பல தீவுகளில் கிணறுகள் உப்பாயின. இன்று விடுதிகள் கடல்நீரை நன்னீராக்கும் எந்திரங்களை நம்பியிருக்கின்றன. அவற்றை ஓட்ட மின்சாரம் வேண்டும்; மின்சாரத்துக்குப் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசல் வேண்டும். 2014 டிசம்பரில் தலைநகர் மாலேயில் இத்தகைய ஆலையில் தீப்பிடித்தபோது நகரமே குடிநீருக்குத் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியதாயிற்று. நம் தம்பதி குளியலறையில் திறந்துவிடும் ஒவ்வொரு வாளி நீருக்குப் பின்னாலும் எரிபொருள் இருக்கிறது.

நகரும் கரை

ஜனவரியில் வந்து மணற்பரப்பைக் கண்டு மகிழ்ந்த தம்பதி, ஜூலையில் அதே இடத்துக்கு வந்தால் திகைத்துப் போகக்கூடும். கரை குறுகியிருக்கும், தீவின் மறுபுறத்தில் புதிய மணல்வெளி விரிந்திருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று மணலை மேற்குப் பக்கம் ஒதுக்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதைக் கிழக்கே திருப்பித் தள்ளுகிறது. ஆண்டுதோறும் தீவு இப்படிப் புரண்டு படுக்கிறது!

இந்த அசைவுதான் தீவின் பலம். உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. உயர்ந்தது, இப்போது உயரும் வேகமும் கூடியிருக்கிறது. மாலத்தீவின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டரைக்கூட எட்டவில்லை. அப்படியிருந்தும், கடந்த சில பத்தாண்டுகளில் பல பவளத்தீவுகள் தேயாமல் நின்றதையும், சில சற்று வளர்ந்ததையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். புதிய மணல் வரும்வரை, அது தடையின்றி நகரும்வரை, தீவு தன்னைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்கிறது. கரையை ஒரே இடத்தில் நிறுத்த விரும்பிச் சுவர் எழுப்பினாலோ, மணலின் வழியை மறித்துப் படகுத்துறை கட்டினாலோ, ஒரு பக்கம் சேர வேண்டிய மணல் சேராமல் கரை அரிக்கப்படுகிறது.

கொத்தனாருக்குக் காய்ச்சல்

புதிய மணலுக்கு உயிருள்ள பவளம் வேண்டும். அங்கேதான் ஆபத்து. வழக்கமான கோடையின் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி செல்சியசு கூடுதலாகக் கடல் சில வாரங்கள் காய்ந்தாலே, பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள ஒப்பந்தம் முறிகிறது. பவளம் பாசியை வெளியேற்றி வெளிறிப்போகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். 1998-இல் மாலத்தீவின் ஆழமற்ற பகுதிகளில் பவளங்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு மடிந்தன. பல ஆண்டுகள் கழித்து மெல்ல மீண்டு வந்தவற்றை 2016-இன் வெப்பம் மறுபடி தாக்கியது. 2024-இல் உலகெங்கும் மீண்டும் வெளிறல் பரவியது. காய்ச்சலுக்கும் காய்ச்சலுக்கும் இடையே தேறிவரும் காலம் குறுகிக்கொண்டே வருகிறது. கடலைச் சூடாக்குவது உலகம் முழுவதும் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும்தான். தம்பதியை இங்கே கொண்டுவந்த விமானத்துக்கும் அதில் பங்குண்டு.

தனி மனிதர் செய்யும் சிறு தீங்குகளும் உண்டு. ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி முறிகிறது. வெயில் தாங்கப் பூசும் களிம்புகள் சிலவற்றில் உள்ள ஆக்சிபென்சோன் என்னும் பொருள் இளம் பவளத்துக்குக் கேடு செய்வதாகச் சோதனைகள் காட்டின. எனவே பலாவு நாடு 2020 முதலும், ஹவாய் மாநிலம் 2021 முதலும் அத்தகைய களிம்புகளைத் தடுத்துள்ளன. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் நிழலும் எந்த உயிருக்கும் தீங்கு செய்வதில்லை.

திரும்பும் நாள்

ஆறாம் நாள் காலை. படகு காத்திருக்கிறது. மனைவியின் கையில் கரையில் கிடைத்த ஒரு பவளத்துண்டு. வெள்ளையாய், பூவேலை செய்த தந்தம்போல் இருக்கிறது. வீட்டு அலமாரியில் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். பவளத்தை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல மாலத்தீவுச் சட்டம் இடம் தராது என்று படகுக்காரர் நினைவூட்டுகிறார். அவர் சட்டத்தைச் சொல்கிறார். அறிவியலும் அதையே சொல்கிறது. அந்தத் துண்டு நாளைய மணல். அலைகள் அதை உருட்டும், கிளிமீன் கொறிக்கும், பருவக்காற்று கரை சேர்க்கும்.

அவர் அதை இருந்த இடத்திலேயே மெல்ல வைத்துவிட்டுப் படகில் ஏறுகிறார். தீவின் கணக்கில் ஒரு பிடி மணல் குறையாமல் நிற்கிறது.