பால் பொங்கினால் அடுப்பை அணை!

"பால் பொங்கினா அடுப்பை அணைச்சிடுடி" என்று மகளிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போகிறீர்கள். அவள் பால் பொங்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். (கதைப் புத்தகத்தில் மூழ்கிப் போனால் அது வேறு விஷயம்!) கம்ப்யூட்டரிடம் இதையே சொன்னால் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்க்கும். பொங்கவில்லையா, சரி என்று போய்விடும். அப்புறம் பால் வழிந்து அடுப்பெல்லாம் பாழானாலும் அதற்குக் கவலையில்லை.

மாலை வேளைகளில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஸ்க்ராட்ச்' சொல்லித் தருகிறேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் உருவாகி 2007-ல் வெளிவந்த கம்ப்யூட்டர் மொழி இது. காசு கொடுக்க வேண்டாம். வண்ண வண்ணக் கட்டைகளைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் அதுவே கட்டளை. 'இஃப்' என்கிற ஆரஞ்சு நிறக் கட்டையில் அறுகோணமாக ஒரு குழி இருக்கும். நிபந்தனை அதில் உட்கார வேண்டும். நிபந்தனை உண்மையானால் கட்டைக்குள் இருக்கும் வேலை நடக்கும். இல்லாவிட்டால் நடக்காது.

ஒரு பெண் சிவப்புச் சுவர் வரைந்தாள். பூனை அதைத் தொட்டால் 'மியாவ்' என்று கத்த வேண்டும். பூனை சுவரில் மோதியது, சத்தமே இல்லை. "எல்லாம் சரியாத்தானே வெச்சிருக்கேன் டீச்சர்? கணக்கு மாதிரி இதுவும் எனக்கு வராது போலிருக்கு" என்றாள், கண் கலங்க. பல குழந்தைகள் விட்டுவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். அவள் வைத்த நிபந்தனையில் குறையே இல்லை. பச்சைக் கொடியை அழுத்தியதும் 'இஃப்' ஒரு முறை பார்த்தது. அப்போது பூனை எங்கோ தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

"பாலை எத்தனை தடவை பார்க்கச் சொன்னே?" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் 'ஃபாரெவர்' கட்டையை எடுத்து, 'இஃப்'பை அதற்குள் வைத்தாள். சுவரில் நின்ற பூனை நிறுத்தாமல் கத்த, பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்!

இன்னொரு சிக்கல் 35 மார்க். ஸ்க்ராட்சில் 'பெரியது', 'சமம்', 'சிறியது' என்று தனித்தனிக் கட்டைகள்தான். '35-ஐ விடப் பெரியதானால் பாஸ்' என்று பிள்ளைகள் வைப்பார்கள். சரியாக 35 வாங்கிய குழந்தை பெயிலாகிவிடும், பாவம்! '34-ஐ விட' என்று மாற்றியபின் 34, 35, 36 மூன்றையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டுமென்பதில்லை. குழந்தையைக் கம்ப்யூட்டராக நிற்க வைத்துச் சமையலறையிலேயே கட்டளை கொடுத்துப் பாருங்கள். 'மூணு விசில் வந்தா அணை' செல்லும். ஆமாம், இல்லை என்று பதில் இருக்கிறது. 'பதமா வந்தா இறக்கு' என்றீர்களோ, "பதம்னா எவ்வளவும்மா?" என்று கேட்டு நிற்கும்.