குளிரில் லித்தியம் பேட்டரி: சார்ஜ் செய்யும் முன் யோசியுங்கள்

லேப்டாப் பேட்டரி வெப்பத்தில் கெடும் என்பது நமக்குத் தெரியும். குளிரிலும் கெடும், அதுவும் சார்ஜ் செய்யும்போதுதான் கெடும் என்பதை அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்து கொண்டேன்.

இங்கே பலர் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டி வைத்திருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ள பெரிய வேன் என்று வைத்துக் கொள்ளுங்கள். விளக்கு, தண்ணீர் பம்ப் போன்றவை 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும். இதற்கு இப்போது பலர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை வாங்குகிறார்கள்.

என் அலுவலக நண்பர் நவம்பரில் வண்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்தினார். கூரையில் சோலார் பேனல் இருக்கிறது, பேட்டரியை அது பார்த்துக் கொள்ளும் என்று விட்டுவிட்டார். ஏப்ரலில் எடுத்தபோது, பேட்டரி முன்பு தாங்கிய நேரத்தில் பாதிகூடத் தாங்கவில்லை.

என்ன நடந்தது? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அவை வேகமாக நுழைய முடியாமல், வெளியிலேயே உலோகமாகப் படிந்து விடுகின்றன. அப்படிப் படிவதில் பெரும்பகுதி திரும்பி வராது. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. படிவு ஊசி போல வளர்ந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு.

மின்சாரத்தை எடுத்துப் பயன்படுத்துவதில் இந்தச் சிக்கல் இல்லை. பொதுவாக மைனஸ் 20 டிகிரி வரை பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். சார்ஜ் செய்ய மட்டும் 0 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். நண்பரின் வண்டியில் காலை வெயில் பட்டதும் பேனல் சார்ஜை ஆரம்பித்தது. பேட்டரியோ உறைகுளிரில் இருந்தது.

இதைத் தவிர்க்கும் வழிகளைப் பார்ப்போமா?

1. பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்ற கட்டுப்பாட்டு சர்க்யூட் இருக்கும். குளிரில் சார்ஜை அது தானாக நிறுத்துமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். விலை மலிவான சிலவற்றில் இந்த வசதி இருக்காது. சிலவற்றில் பேட்டரியைச் சூடாக்க ஹீட்டரே உண்டு.

2. வண்டியை நிறுத்தி வைக்கும் முன் சார்ஜ் ஏறக்குறைய 50 சதவீதம் இருக்கட்டும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் இறங்கினால் உறைந்துவிடும் என்பதால் அதை முழு சார்ஜில் வைப்பார்கள். லித்தியத்துக்கு அந்தப் பழக்கம் வேண்டாம்.

3. முதலில் சோலார் பேனலையும், பிறகு பேட்டரியையும் துண்டித்து விடுங்கள். கேஸ் டிடெக்டர் போன்றவை சிறிது சிறிதாக மின்சாரத்தை உறிஞ்சிக் கொண்டே இருக்கும்.

4. முடிந்தால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜ் அளவைப் பாருங்கள். வோல்ட்மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்; சார்ஜ் பெருமளவு இறங்கும் வரை வோல்டேஜ் 13-ஐ ஒட்டியே நிற்கும். பேட்டரி மானிட்டர் இருந்தால் நல்லது.

5. குளிர் முடிந்ததும் உடனே சார்ஜ் போடாதீர்கள். வெளிக்காற்று 10 டிகிரி என்றாலும் பேட்டரியின் உட்புறம் சூடாகப் பல மணி நேரம் ஆகும்.

லேப்டாப்பும் இதே குடும்பம்தான். குளிர்ப் பிரதேசத்தில் இரவு முழுவதும் காரில் கிடந்த லேப்டாப்பை உடனே சார்ஜரில் செருகாதீர்கள். பைக்குள்ளேயே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு எடுங்கள். அதன்மேல் ஈரம் படிவதும் குறையும். பல மாதம் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் ஆஃப் செய்து வையுங்கள்.

நண்பர் இப்போது வேறு பேட்டரி வாங்கியிருக்கிறார். இந்தக் குளிர்காலத்தில் அது அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.